செங்கடலைப் பிளந்தது எப்படி? விவிலியப் பெரும்படங்கள் பற்றி எங்கள் பாஸ்கா குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பங்கு மண்டபத்தின் பின்பக்கம் முழுக்க மரத்தூளும் சாய வாளியும்தான். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கத்தில் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா நாடகம், அதாவது இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம் போடும் குழு எங்களுடையது. அதற்குக் காட்சித் திரை எழுதுகிறவன் நான். சின்ன வயதில், பினாங்கு ரோடு ஓடியன் தியேட்டருக்கு சினிமா பேனர் எழுதிய மாமாவிடம் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் ஒரு படத்தைப் பார்த்தால் முதலில் பின்னால் இருக்கும் சுவரைத்தான் பார்ப்பேன்.

நாடகத்துக்கு வரும் பிள்ளைகள் பழைய விவிலியப் படங்களை வீட்டில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டிமாரும் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

அங்கிள், விவிலியப் பெரும்படம்னா என்ன? இயேசு படம் எல்லாமே அதுதானா?

இல்லை. விவிலியக் கதையையோ அந்தக் காலத்தையோ எடுத்துக்கொண்டு, பெரிய பணம், பெரிய கூட்டம், பெரிய அரங்கம் வைத்து எடுத்த படங்களைத்தான் இங்கே சொல்கிறேன். மோசேயின் கதையைச் செசில் பி. டெமில் 1956இல் எடுத்த 'டென் கமாண்ட்மென்ட்ஸ்', வில்லியம் வைலரின் 'பென்ஹர்' (1959), மெல் கிப்சனின் 'பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' (2004), டேரன் அரனோஃப்ஸ்கியின் 'நோவா' (2014) ஆகியவை இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும்.

பென்ஹர் விவிலியத்தில் இல்லாத ஆள். லூ வாலஸ் என்ற அமெரிக்கர் 1880இல் எழுதிய நாவலின் நாயகன் அவன். இயேசு அந்தக் கதையின் ஓரமாக நடந்து போகிறார், அவ்வளவுதான்.

நம் ஆட்களில் பலர் முதலில் பார்த்தது 1979இல் வந்த 'இயேசு' படம். லூக்கா நற்செய்தியை அப்படியே பின்பற்றி எடுத்தது. இதுவரை 2,000க்கு மேற்பட்ட மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள், தமிழிலும் உண்டு. நான் அதை ஒரு தோட்டத்துத் திடலில், வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது பார்த்தேன். மேலே சொன்ன படங்களோடு ஒப்பிட்டால் அது சின்னப் படம். ஆனால் அன்றைக்குத் திடலில் யாரும் எழுந்து போகவில்லை.

ஏம்பா, கடலை நெசமாவே பொளந்தாங்களா?

இல்லை பாட்டி. தண்ணீரைக் கொட்டினார்கள், அப்புறம் ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள். 1956 படத்துக்காக ஹாலிவுட்டில் பாரமவுண்ட் ஸ்டூடியோ வளாகத்தில் பெரிய தொட்டி கட்டினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்து நடுவில் மோதும். அதை அப்படியே காட்டினால் கடல் மூடுகிறது. திருப்பி ஓட்டினால் கடல் பிளக்கிறது. ஒரே தண்ணீர், இரண்டு அற்புதம்.

ஆனால் அது ஒரு துண்டு மட்டுமே. வானத்து மேகம் வேறு, எகிப்தில் எடுத்த மக்கள் கூட்டம் வேறு, தண்ணீர்ச் சுவர் வேறு, ஓவியம் வேறு. இத்தனையையும் தனித்தனியாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஃபிலிமில் பதிய வேண்டும். ஒவ்வொரு தடவை பதியும்போதும் படம் கொஞ்சம் மங்கும். அங்கே அவர்களுக்கு விஸ்டாவிஷன் கைகொடுத்தது. அந்தக் கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடாமல் படுக்கை வாட்டில் ஓடும், அதனால் ஒவ்வொரு படமும் பெரிதாகப் பதியும். இந்த வேலைக்குத்தான் ஜான் ஃபுல்டனுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நல்ல திரையில் உற்றுப் பார்த்தால், கடற்கரையில் நிற்கும் நடிகர்களைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு தெரியும். நீலத் திரைக்கு முன்னால் எடுத்து வெட்டி ஒட்டிய தடம் அது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு அது ஒரு கைவினைஞரின் கைரேகை மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவிலியத்தின் விடுதலைப் பயணம் நூலில் 14ஆம் அதிகாரத்தில் கடல் ஒரே நொடியில் பிளப்பதில்லை. இரவு முழுவதும் கீழைக்காற்று அடிக்கிறது. படத்தில் அந்த நீண்ட இரவு சில நிமிடமாகச் சுருங்கிவிட்டது. எது குறைகிறது, எது கூடுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். கீழே அந்த விஷயத்துக்கு மறுபடியும் வருவேன்.

அதுக்கும் முன்னாடி பேசாத படத்துல கடல் பொளக்குதே, அது?

டெமில் இதே கதையை 1923இலும் எடுத்தார், ஊமைப்படமாக. அதில் கடல் ஜெலட்டின். நம் வீடுகளில் பெருநாளுக்கு அகார்-அகார் வெட்டி வைப்போமே, அந்த மாதிரி ஆடுகிற கட்டியை இரண்டாகச் செதுக்கி, சூடு காட்டி உருக வைத்துப் படம் பிடித்தார்கள். திருப்பி ஓட்டினால் பிளந்து நிற்கும் கடல். முன் பதிலில் சொன்ன அதே பின்னோட்டத் தந்திரம்தான். தண்ணீருக்குப் பதில் ஜெலட்டின்.

செட்டெல்லாம் கட்டினதா, வரைஞ்சதா?

இரண்டும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நடிகர் தொடுகிற, கூட்டம் நடக்கிற உயரம் வரைக்கும் கட்டுவார்கள். அதற்கு மேலே உள்ள கோபுரம், மலை, தொலைவில் தெரியும் நகரம் எல்லாம் பெரும்பாலும் கண்ணாடியில் எழுதிய ஓவியம். கேமரா நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கட்டிய சுவரின் விளிம்பும் எழுதிய சுவரின் விளிம்பும் ஒரே கோடாகச் சேர வேண்டும். வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் ஓவியத்திலும் விழ வேண்டும். பேனர் எழுதியவனுக்குத் தெரியும், நிழல் ஒரு விரல் தள்ளி விழுந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

கட்டியதும் கொஞ்சமில்லை. 1956 படத்துக்காக எகிப்தில், பிரமிடுகளுக்குப் பக்கத்துப் பாலைவனத்தில், 100 அடிக்கு மேல் உயரமான வாசல் எழுப்பினார்கள். 73 வயதில் டெமில் அந்த வாசலின் உச்சிக்கு ஏணியில் ஏறினார். மேலே கேமராவைச் சரிபார்க்கப் போனவருக்கு மாரடைப்பு. சில நாளிலேயே வேலைக்குத் திரும்பி வந்தார். அவர் இயக்கிய கடைசிப் படம் அதுதான்.

1923 படத்து அரங்கத்தின் கதை இன்னும் விசேஷம். கலிபோர்னியாவில் குவாதலூப்பே மணல் மேடுகளில் எகிப்திய நகரத்தைக் கட்டினார்கள். வாசலுக்குப் போகும் வழியில் சாந்தில் செய்த 21 ஸ்பிங்க்ஸ் சிலைகள். படம் முடிந்ததும் எல்லாவற்றையும் இடித்து மணலிலேயே புதைத்துவிட்டார்கள். 1983இல் சினிமா ஆர்வலர்கள் சிலர் தேடிப் போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு தொல்லியல் ஆட்கள் தூரிகை வைத்துத் தோண்டி எடுத்தார்கள். பொய் எகிப்து, நிஜத் தொல்பொருளாகிவிட்டது.

ஓவியம் படத்துக்கு முன்னாலும் வரும். 1956இல் ஆர்னால்ட் ஃப்ரைபெர்க் என்ற ஓவியரை வைத்து முக்கியக் காட்சிகளை முதலில் எழுதச் சொன்னார் டெமில். அந்த ஓவியங்களைப் பார்த்துத்தான் உடையும் நிறமும் முடிவாயின. எங்கள் நாடகத்திலும் ஒத்திகைக்கு முன் நான் படம் எழுதிச் சுவரில் ஒட்டுவது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

பென்ஹர் தேர்ப் போட்டியில ஒரு ஆள் செத்துட்டாராமே? ஒருத்தர் கையில வாட்ச் தெரியுதாமே?

1959 படத்தின் தேர்ப் போட்டியில் யாரும் சாகவில்லை. வாட்ச் கதையும் வாய்வழியாகப் பரவியதுதான். ஆனால் ஒரு நிஜ விபத்து படத்திலேயே இருக்கிறது. நாயகனுக்குப் பதிலாகத் தேர் ஓட்டிய ஜோ கனட், உடைந்த தேரைத் தாண்டும்போது முன்னால் தூக்கி எறியப்பட்டார். நல்லவேளை, தேரைப் பிடித்துக்கொண்டதால் தாடையில் தையலோடு போயிற்று. அந்தத் துண்டை வெட்டாமல், நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் மறுபடி தேரில் ஏறுகிற ஒரு காட்சியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில்தான் பார்க்கிறவர்கள் நாற்காலி நுனிக்கு வருகிறார்கள்.

சாவுக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்றால், 1925இல் வந்த ஊமை 'பென்ஹர்' படப்பிடிப்பில் குதிரைகள் பல செத்தன. அதை மறைக்கத் தேவையில்லை. பிற்காலத்துப் படப்பிடிப்புகளில் விலங்குகளைப் பாதுகாக்க விதிகள் வந்ததற்கு இப்படிப்பட்ட படங்கள்தான் காரணம். 1925 படப்பிடிப்பில் உதவியாளராக நின்ற பையன்களில் ஒருவர் வில்லியம் வைலர். 34 ஆண்டு கழித்து அதே கதையைத் தானே இயக்கினார்.

போட்டி நடந்த மைதானம் ரோமில் சினெசித்தா ஸ்டூடியோவில் 18 ஏக்கரில் கட்டியது. குதிரைகளும் தேரோட்டிகளும் மாதக்கணக்கில் பழகினார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? போட்டி ஓடும்போது இசையே இல்லை. குளம்பும் சக்கரமும் கூட்டமும் மட்டும். மிக்லோஷ் ரோஜா அந்தப் படத்துக்கு எவ்வளவு பெரிய இசை செய்தவர்! அவரும் அங்கே நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவு காசு எங்கே போகுது அங்கிள்?

அந்தக் காலத்தில் மரம், துணி, ஆள், குதிரை, சாப்பாடு, காத்திருப்பு. 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர், 'பென்ஹர்' சுமார் 1 கோடியே 50 லட்சம் டாலர். அவை வந்தபோது அதுவரை அவ்வளவு செலவில் படமே வந்ததில்லை. ஆயிரம் பேர் நிற்க வேண்டுமென்றால் ஆயிரம் பேருக்கும் உடை, செருப்பு, தண்ணீர், கழிப்பறை வேண்டும். எங்கள் நாடகத்தில் 60 பேருக்கு நாசி லெமாக் பொட்டலம் ஏற்பாடு பண்ணுகிற அக்காவைக் கேட்டால் இதன் கனம் தெரியும்.

இப்போது பணம் கணினிக்குப் போகிறது. 'நோவா'வுக்கு சுமார் 12.5 கோடி டாலர் செலவு. பேழையை நியூயார்க் அருகே நிஜமாகக் கட்டினார்கள். ஆனால் உள்ளே போன விலங்குகள் எல்லாம் கணினியில் செய்தவை. ஒரு நிஜ யானைகூட வரவில்லை.

கிப்சன் 'பேஷன்' படத்துக்குப் போட்டது சுமார் 3 கோடி டாலர், அவர் நிறுவனத்தின் சொந்தப் பணம். யாருக்கும் புரியாத அரமேயம், இலத்தீன், எபிரேய மொழிகளில் எடுத்த படம் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' 1965இல் 2 கோடி டாலர் விழுங்கி நட்டப்பட்டது. அப்புறம் பல ஆண்டு ஹாலிவுட் இந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

ஏன் எருசலேம்லயே போய் எடுக்கக் கூடாது?

இயேசு பார்த்த எருசலேம் இன்று இல்லை. கோவிலை கி.பி. 70இல் ரோமர்கள் இடித்தார்கள். பழைய நகரைச் சுற்றி இன்று நிற்கிற மதில், 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. அதைப் படம் பிடித்தால் 1,500 ஆண்டு தள்ளிப் போய்விடும்.

அதனால் கல்லும் வெயிலும் ஒத்துவருகிற வேறு ஊரைத் தேடுகிறார்கள். மொராக்கோ, துனீசியா, ஸ்பெயினின் அல்மேரியா. இத்தாலியின் மத்தேரா என்ற மலைக் குகை ஊரில் பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியை எடுத்தார். கிப்சன் சிலுவைப் பாதையை எடுத்ததும் அதே ஊரில்தான்.

இயேசு சாகும்போது இருட்டிச்சே, அது சூரிய கிரகணமா?

கிரகணமாக இருக்க முடியாது. இயேசு இறந்த நேரத்தில் நடந்த யூதர்களின் பாஸ்கா விழா பௌர்ணமியில் வரும், சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே வரும். நற்செய்தி நண்பகலிலிருந்து மூன்று மணி வரை இருள் என்கிறது. முழு கிரகணம் எங்குமே எட்டு நிமிடம்கூட நீடிக்காது.

ஆனால் ஒரு படக் குழு நிஜ கிரகணத்துக்காகக் காத்திருந்தது. ரிச்சர்ட் ஃப்ளெய்ஷர் இயக்கிய 'பரபாஸ்' படத்தின் சிலுவைக் காட்சியை, 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் முழு சூரிய கிரகணம் நடந்தபோதே எடுத்தார்கள். இரண்டாம் டேக் கிடையாது. மூன்று சிலுவைக்குப் பின்னால் சூரியன் அணைகிற அந்தக் காட்சியைப் பாருங்கள். பின்னால் இருப்பதை எழுதிப் பிழைத்தவன் நான். அதை எழுத என்னால் முடியாது.

மோசேக்கு அரண்மனையில காதலி இருந்தாளா? பைபிள்ல தேடிப் பார்த்தேன், இல்லையே.

இல்லைதான். தேடிப் பார்த்தாயே, அது நல்லது. விடுதலைப் பயணம் 2ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில் மோசே பிள்ளை. 11ஆம் வசனத்தில் வளர்ந்த ஆள், ஓர் எகிப்தியனைக் கொல்லப் போகிறார். இரண்டு வசனத்துக்கு நடுவில் இத்தனை வருடம். 1956 படத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. இளவரசி நெஃப்ரெத்திரியும், பிற்பாடு பார்வோனாகும் ராம்சேஸோடு போட்டியும் அங்கே நுழைந்தவை. பார்வோனுடைய பெயரையும் விவிலியம் சொல்லவில்லை.

எல்லாமே சொந்தக் கற்பனையும் இல்லை. ஃபைலோ, ஜொசீஃபஸ் போன்ற பண்டைய யூத எழுத்தாளர்களையும் பிற்கால நாவல்களையும் எடுத்துக்கொண்டார்கள். மோசே எத்தியோப்பியாவை வென்றதாக வருவது ஜொசீஃபஸ் எழுதியது.

விவிலியம் மிகக் குறைவாகப் பேசும் நூல். மூன்றரை மணி நேரப் படத்துக்கு அது போதாது, நிரப்பித்தான் ஆக வேண்டும். நம் மொழியிலும் இதைச் செய்திருக்கிறோம். நற்செய்தியில் யோசேப்பு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வீரமாமுனிவர் அவரை நாயகனாக வைத்துத் தேம்பாவணியில் 3,615 பாட்டு பாடினார். நிரப்புவது பாவமல்ல. எங்கே நிரப்பினார்கள், எதற்காக என்பதைப் பார்க்கிறவன் தெரிந்து பார்க்க வேண்டும், அவ்வளவே. நெஃப்ரெத்திரி டிக்கெட் விற்க வந்தவள் என்பது என் கருத்து. ஆனால் அவள் இல்லாவிட்டால் மோசே எதை விட்டுவிட்டுப் போனார் என்பது நமக்கு உறைத்திருக்காது.

கிப்சன் படத்துல சாட்டையடி அவ்வளவு நேரம் வேணுமா? என் மகள் பாதியில எழுந்து போயிட்டாள்.

இதைக் கேட்டவர் ஒரு தாய். உங்கள் மகள் செய்தது தவறில்லை.

யோவான் நற்செய்தியில் சாட்டையடி ஒரே ஒரு வசனம், 19:1. படத்தில் அது நிமிடக் கணக்கில் நீளுகிறது. முன் கேள்வியில் சொன்ன நிரப்புதல்தான் இதுவும். கிப்சன் நற்செய்தியோடு, ஆன் கேத்தரின் எமெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரி தியானத்தில் கண்ட காட்சிகளாக 19ஆம் நூற்றாண்டில் அச்சான நூலிலிருந்தும் எடுத்துக்கொண்டார். ஒளிப்பதிவாளர் காலெப் டெஷனல், கரவாஜ்ஜோ ஓவியங்களைப் போல இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒளி அமைத்தார். காயங்கள் எல்லாம் ஒப்பனை. இயேசுவாக நடித்த ஜிம் கேவிசல் பல மணி நேரம் அதற்காக உட்கார வேண்டியிருந்தது. படப்பிடிப்பில் அவருக்குத் தோள் மூட்டு நழுவியது, ஒருமுறை மின்னலும் தாக்கியது.

உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மனதில் நின்றது சாட்டை இல்லை. விழுந்த மகனிடம் தாய் ஓடும்போது, சின்ன வயதில் அவர் தடுக்கி விழுந்தது அவள் நினைவில் வந்து போகிறதே, அதுதான். அதற்கு ஒரு சொட்டு ரத்தமும் தேவைப்படவில்லை. எங்கள் நாடகத்தில் சாட்டையடியைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். சத்தம் மட்டும் கேட்கும், மாதாவின் முகம் மட்டும் தெரியும்.

அந்தப் படம் யூதர்களைக் கெட்டவங்களா காட்டுதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

இந்த விமர்சனம் படம் வெளிவரும் முன்பே எழுந்தது. யூத அமைப்புகளும் கிறிஸ்தவ அறிஞர்கள் பலரும் கவலைப்பட்டார்கள். காரணம் வெறும் சினிமா இல்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டு, பாஸ்கா நாடகம் பார்த்த கூட்டம் யூதர்கள்மேல் கோபத்தோடு வீடு திரும்பிய வரலாறு உண்டு. மத்தேயு 27:25இல் 'இவனுடைய ரத்தப்பழி எங்கள்மேல்' என்று கூட்டம் சொல்லும் வரி வருகிறது. கிப்சன் அதை அரமேயத்தில் ஒலிக்க விட்டு, கீழே வசனத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார்மீதோ இன்றைய யூதர்மீதோ பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாடகம் எழுதுகிற ஒவ்வொருவரும் இதை முதலில் படிக்க வேண்டும். இயேசுவும் மரியாவும் பேதுருவும் யூதர்கள். கூட்டத்தில் அழுகிற முகங்களும் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் கூட்டமாக நிற்பவர்களில் பாதிப் பேருக்கு 'வேண்டாம்' என்று கத்தும் வேலை கொடுத்திருக்கிறோம்.

சில படத்துல இயேசு முகத்தையே காட்டலையே, ஏன்? கடவுள் குரல் யாருது?

'பென்ஹர்' படத்தில் இயேசுவாக வந்தவர் கிளாட் ஹீட்டர் என்ற ஓபரா பாடகர். முதுகும் கையும் மட்டும் தெரியும். அடிமையாக இழுத்துப் போகும் பென்ஹருக்கு அவர் தண்ணீர் கொடுக்கிறார். தடுக்க வந்த ரோமச் சிப்பாய் அவர் முகத்தைப் பார்க்கிறான், கை தாழ்கிறது. நாம் பார்ப்பது சிப்பாயின் முகத்தை. அந்தச் சில நொடிகளுக்காக அந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

இந்தத் தயக்கம் பழையது. பிரிட்டிஷ் தணிக்கை அமைப்பு 1913இல் வேலை தொடங்கியபோது வைத்திருந்த விதிகள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று, கிறிஸ்துவின் உருவத்தைத் திரையில் காட்டக் கூடாது என்பது.

கடவுள் குரலைக் கேட்டீர்கள். 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் எரியும் முட்செடியிலிருந்து வரும் குரல், மோசேயாக நடித்த ஹெஸ்டனுடைய குரலேதான், மெதுவாக்கியது. மனிதனுக்குக் கடவுள் அவன் உள்ளிருந்தே பேசுவது போல.

இந்தப் படங்கள் நம்ம ஊர் தியேட்டர்ல ஏன் வரலை?

மோசே, நோவா, இயேசு மூவரும் இஸ்லாத்தில் மூசா, நூஹ், ஈசா என்ற நபிகள். நபிகளை உருவமாக நடித்துக் காட்டுவது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது. அதனால் 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' கார்ட்டூன் படம் 1999இலும், 'நோவா' 2014இலும் மலேசியாவில் தடை செய்யப்பட்டன. 2004இல் 'பேஷன்' மட்டும் கிறிஸ்தவர்களுக்கு என்ற வரையறையோடு, தேவாலயங்கள் வழியாக டிக்கெட் கொடுத்துத் திரையிடப்பட்டது.

சில பிள்ளைகளுக்கு இதில் கோபம் வருகிறது. முன் பதிலை மறுபடி படிக்கச் சொல்வேன். முகம் காட்டத் தயங்கியது முஸ்லிம்கள் மட்டுமில்லை. அந்தத் தயக்கத்துக்குள் இருக்கிற மரியாதையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதே சமயம், எங்களுக்கு உருவம் ஒரு வழிபாட்டு மொழி. இரண்டும் ஒரே தெருவில்தான் வாழ்கின்றன.

நம்ம பையன் கறுப்பா இருக்கானே, இயேசுவா நடிக்கலாமா?

நடிக்கலாம். நடிக்கத்தான் வேண்டும்.

திரையில் வந்த இயேசுக்களைப் பாருங்கள். 'கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' படத்தில் சுவீடன்காரர் மேக்ஸ் வான் சிடோ. கேவிசல் அமெரிக்கர். அவருடைய நீலக் கண்ணைப் பழுப்பாக மாற்றினார்கள், மூக்கையும் மாற்றினார்கள். ரிட்லி ஸ்காட்டின் 'எக்ஸோடஸ்' 2014இல் வந்தபோது, எகிப்தியரையும் எபிரேயரையும் வெள்ளையர் நடித்ததற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. முதல் நூற்றாண்டு கலிலேயாவில் வெயிலில் தச்சு வேலை செய்தவருடைய நிறம், சுவீடனை விட நம் தெருவுக்குத்தான் பக்கம்.

சில ஆண்டுக்கு முன் ஒரு பெரியவர், இயேசுவாக நடிக்கும் தம்பிக்குப் பவுடர் அதிகம் போடச் சொன்னார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பனைக்கார அக்கா பவுடர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை.

தமிழ்ல ஏன் இப்படிப் பெரிய படம் எடுக்கலை?

சந்தை சிறியது, செலவு பெரியது. தெலுங்கில் 1978இல் விஜயசந்தர் நடித்த 'கருணாமயுடு' வந்தது. அதைத் தமிழில் 'கருணாமூர்த்தி' என்று மாற்றிக் காட்டினார்கள். அளவில் ஹாலிவுட் இல்லை. பக்தியில் குறைவில்லை.

நம் பலம் மேடை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாஸ்கா விடிய விடிய நடக்கும். யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தை ஒரு கலையாகவே வளர்த்தது. அந்த வரிசையில் கடைசியாக நிற்கிற சின்னக் குழு எங்களுடையது.

எங்ககிட்ட மூவாயிரம் வெள்ளியும் ஒரு கைபேசியும் இருக்கு. செங்கடல் காட்சி எடுக்க முடியுமா?

முடியும். மீன் தொட்டி ஒன்று, நீலச் சாயம் கலந்த தண்ணீர், இரண்டு வாளி. இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஊற்றுங்கள், கைபேசியில் மெதுவோட்டத்தில் எடுங்கள், பின்னோக்கி ஓட்டுங்கள். தண்ணீரின் துளி பெரிதாகத் தெரிந்தால் அளவு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள்.

வானத்துக்கு ஒரு சட்டக் கண்ணாடி வாங்கி வாருங்கள், ஓரம் தேய்த்ததாக இருக்கட்டும், கை வெட்டும். நான் மேகம் எழுதித் தருகிறேன். கண்ணாடியை கேமராவுக்கு ஓர் அடி முன்னால் நிறுத்தி, கீழ்ப்பாதியைக் காலியாக விட்டால், பாகான் கடற்கரையில் நீங்கள் நடப்பது அந்த மேகத்துக்குக் கீழே தெரியும். கண்ணாடியில் கடைத்தெரு விளக்கு பிரதிபலிக்காமல் இருக்க, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

உடைக்கு சந்தையில் விலை மலிந்த பருத்தித் துணி, தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்தது. படம் எடுக்கும் முன் எல்லாருடைய வாட்சையும் ஒரு பையில் வாங்கி வையுங்கள். முட்செடிக்கு மட்டும் தீ வைக்க வேண்டாம். அதற்குச் செம்மஞ்சள் விளக்கும் ஒரு விசிறியும் கிழித்த பட்டும் போதும், நான் காட்டுகிறேன். சனிக்கிழமை நான்கு மணிக்கு மண்டபத்தின் பின்கதவு திறந்திருக்கும்.